சீஸ் பிமியென்டோ: அடுப்பில் வீணாகும் கேசோ தே போலா

சென்ற டிசம்பரில், பிலிப்பைன்ஸின் கேசோன் நகரத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் என் நாத்தனாரின் மகள் முதன்முறையாகச் சீஸ் பிமியென்டோ கிளறிக்கொண்டிருந்தாள். பால் தளதளவென்று கொதிக்கும் ஓசை கூடத்தில் கேட்டது. நான் எழுந்து ஓடுவதற்குள், ஒரு முழு உருண்டைச் சீஸின் துருவலையும் அவள் அந்தப் பாலில் கொட்டிவிட்டாள். பல ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் நான் செய்த பிழை அது. என் கண்ணெதிரே மூன்றாவது முறையாக நடந்தது. கை கழுவுவது, பாத்திரத்தை உலர்த்துவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டுப் பின்னர் வருந்தும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் பிறந்தநாள், ஞானஸ்நானம், ஊர்த் திருவிழா என்று உறவினர் கூடும் இடமெல்லாம் இந்தச் சீஸ் பூச்சு இருக்கும். துருவிய சீஸ், பிமியென்டோ எனப்படும் காரமற்ற சிவப்பு மிளகாய், மயோனைஸ் ஆகிய மூன்றும் இதன் அடிப்படை. கொஞ்சம் இனிப்பு சேர்ப்பதும் அங்கே வழக்கம். ‘டேஸ்டி’ என்று அவர்கள் அழைக்கும் சதுர ரொட்டியிலோ, காலையில் வாங்கிய பான்தேசால் என்னும் சிறு ரொட்டியிலோ தடவி உண்பார்கள். அன்றாடம் செய்யும்போது ஈடன் என்ற பெயரில் விற்பது போன்ற பதப்படுத்திய கட்டிச் சீஸே போதும். கிறிஸ்துமஸ் முன்னிரவின் நோச்சே புவேனா விருந்துக்கு மட்டும் பல வீடுகளில் கேசோ தே போலா வரும். பெயர் ஸ்பானியம் என்றாலும், அது சிவப்பு மெழுகு பூசிய, ஈடம் என்னும் டச்சுச் சீஸ் உருண்டைதான்.

கொதிக்கும் பாலில் ஈடம் சீஸைக் கொட்டுவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். “சீஸ் எல்லாம் ஒன்றுதானே, தீத்தா (அத்தை)” என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றல்ல என்பதைச் செய்முறை எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவதால்தான், ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் விலையுயர்ந்த உருண்டை பத்து நிமிடத்தில் பாழாகிறது.

சீஸின் உள்ளே பால்புரதம், கால்சியத்தால் பிணைக்கப்பட்ட வலையைப் போல அமைந்திருக்கிறது. அந்த வலையின் கண்களில் கொழுப்பும் நீரும் தங்கியிருக்கின்றன. மிதமான சூட்டில் கொழுப்பு இளகி, வலை தளர்ந்து, சீஸ் உருகுகிறது. சூடு மிகும்போது அதே வலை இறுகிச் சுருங்கி, தன்னுள் இருந்த கொழுப்பையும் நீரையும் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது பாத்திரத்தில் மேலே மஞ்சள் எண்ணெயும், அடியில் ரப்பர் போன்ற கட்டியும், நடுவே நீர்த்த பாலுமாகப் பிரிந்து நிற்கும். பதப்படுத்திய சீஸில் இது எளிதில் நேர்வதில்லை. தொழிற்சாலையிலேயே சேர்க்கப்படும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கால்சியத்தைத் தம்பால் இழுத்துக்கொள்வதால், விடுபட்ட புரதம் கொழுப்பைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. ஈடன் கட்டியை வைத்துப் பழகிய கை, ஈடம் உருண்டையையும் அவ்வாறே கையாண்டு ஏமாறுவது இதனால்தான்.

என் முதல் நோச்சே புவேனாவில், வீட்டார் எல்லோரும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போயிருந்த நேரத்தில், அவர்கள் திரும்புமுன் முடித்துவிடும் ஆவலில் அடுப்பை முழுத் தழலில் வைத்திருந்தேன். பிரியத் தொடங்கியதைக் கண்டு பயந்து மேலும் கிளறினேன். இன்னும் சூடு வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணித் தழலைக் குறைக்காமலே விட்டேன். மாமியார் வந்து பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்ணெயை வடித்துவிட்டு, கட்டியை நறுக்கி, மறுநாள் மக்ரோனியின் மேல் தூவிச் சுட்டு எடுத்தார். அவர் திட்டியிருந்தால் அந்த இரவை நான் மறந்திருப்பேன்.

சரியான முறை கடினமானதன்று. 400 கிராம் ஈடம் துருவலுக்கு 100 கிராம் பதப்படுத்திய சீஸும், 300 மில்லி எவாபரேட்டட் பாலும், 50 கிராம் வெண்ணெயும் எடுத்துக்கொள்கிறேன். பாலையும் வெண்ணெயையும் மெல்லிய தழலில் வைத்து, ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றியதும், கொதி வருமுன்பே, அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். முதலில் பதப்படுத்திய சீஸைச் சேர்த்துக் கரைத்தால், அதிலுள்ள உப்புகள் ஈடத்தையும் சேர்த்துக் காக்கும். பின்னர் ஈடம் துருவலை ஒவ்வொரு பிடியாகப் போட்டு, முந்தைய பிடி கரைந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். இடையில் ஆறிப்போனால் பாத்திரத்தை வெந்நீரின் மேல் வைத்துச் சூடேற்றலாமே தவிர, நேரடித் தழலுக்குத் திரும்பக் கூடாது. சாதாரணப் பாலுக்குப் பதில் எவாபரேட்டட் பாலை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நீர் பெருமளவு வற்றிய அந்தப் பாலில் புரதம் செறிந்திருப்பதோடு, திரியாமல் காக்கும் உப்பும் பெரும்பாலும் சேர்ந்திருப்பதுதான்.

மயோனைஸைச் சூட்டோடு கலப்பது

மயோனைஸும் முட்டைக்கருவால் கட்டுண்ட எண்ணெய்தான். சூட்டில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். சீஸ் கலவை கைபொறுக்கும் சூட்டையும் கடந்து முழுவதும் ஆறிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும்.

கலமான்சிச் சாறு

எலுமிச்சையைப் போன்ற இந்தச் சிறு புளிப்புக் காயைச் சூடான பாலில் பிழிய வேண்டாம், திரிந்துவிடும்.

பிமியென்டோவின் நீர்

புட்டியில் வரும் பிமியென்டோவை வடிகட்டினால் மட்டும் போதாது. நறுக்கிய துண்டுகளைத் துணியில் வைத்து ஒற்றி எடுக்காவிட்டால், இரண்டு மணி நேரத்தில் பூச்சின் அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கி, ரொட்டி சவசவத்துப் போகும். பெங்கெட் மலைப்பகுதியிலிருந்து வரும் சிவப்புக் குடைமிளகாய் கிடைக்கும்போது நான் அதையே நேரடித் தழலில் சுட்டு, மூடி வைத்து, தோலை உரித்துப் பயன்படுத்துகிறேன். அப்போது ஒட்டியிருக்கும் கரியைப் பலர் தண்ணீரில் கழுவிவிடுகிறார்கள். சுட்டதன் மணமும் அதோடு போய்விடுகிறது. கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும்.

மிக்ஸியில் அரைப்பது

வேண்டாம். பசையாகிவிடும்.

துருவிய சீஸைப் பொட்டலமாக வாங்குவது

ஒட்டாமல் இருப்பதற்காக அதில் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். பூச்சு நாவில் நறநறக்கும். நீங்களே துருவுங்கள்.

உப்பு

சேர்க்கவே வேண்டாம். ஈடம் உருண்டை நாள்பட நாள்பட உலர்ந்து, அதன் உப்புச் சுவை இன்னும் தூக்கலாகத் தெரியும். இனிப்புக்கான கண்டென்ஸ்டு பாலையும், கலவையைச் சுவைத்துப் பார்த்த பிறகு, ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள்.

ரொட்டியில் முந்தின இரவே தடவி வைப்பது

பூச்சை முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைப்பது நல்லது; சுவை கூடும், ஐந்து நாள் வரை கெடாது. ஆனால் உறைபெட்டியில் வைத்தால் மயோனைஸ் பிரிந்துவிடும். ரொட்டியில் தடவும் வேலையை விருந்து நாளன்று காலையில்தான் செய்ய வேண்டும். முதலில் மெல்லிய வெண்ணெய்ப் படலம் பூசி, அதன்மேல் சீஸைத் தடவி, ஓரம் நறுக்கி, பிழிந்த ஈரத்துணியால் மூடிக் குளிரில் வைத்தால் ரொட்டி காயாது, ஊறவும் ஊறாது.

மேசையில் வைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். மே மாதத் திருவிழாக்களில் முற்றத்தில் பந்தலிட்டுப் பரிமாறும்போது வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது ஒரு மணி நேரமே எல்லை. அதனால் நாங்கள் எல்லாத் தட்டுகளையும் ஒரே வேளையில் எடுத்து வருவதில்லை. முதல் தட்டு காலியானதும் அடுத்ததைக் கொண்டுவர வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக் குளிர்பெட்டியின் அருகிலேயே நிறுத்திவிடுகிறோம்.