கவரிங் குண்டும் மேக்னம் தோட்டாவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. டாலஸுக்கு வெளியே நான் வழக்கமாகச் சுடப் போகும் ரேஞ்சுக்கு, கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் புது .357 ரிவால்வரோடு வந்திருந்தான். ஆறு மாதமாக வீட்டுக் கராஜில் ரீலோடிங் செய்கிறான், அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் புதுப் பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டாவைத் தானே செய்துகொள்கிறான். கையில் ஒரு டப்பா. "அண்ணா, ஆயிரம் ஜாக்கெட் குண்டு வாங்கிட்டேன். நீங்க வாங்குறதைவிட நாலு சென்ட் கம்மி" என்றான். ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். மூக்கும் செம்பு, அடியும் செம்பு, எங்கேயும் ஈயம் தெரியவில்லை. இடுப்பில் கோடும் இல்லை. எனக்கு 2013 ஞாபகம் வந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கண்ணாடி போடுங்கள், மேஜையில் ஒரே நேரத்தில் இரண்டு பவுடர் டப்பா வைக்காதீர்கள், தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடை போடுங்கள் என்பதெல்லாம் எந்த ரீலோடிங் புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்திலும் இருக்கும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பவுடர் அளவும் எழுத மாட்டேன். அதற்குப் புத்தகம் இருக்கிறது, அதுவும் புதிய பதிப்பு.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம். நம் பேச்சில் எல்லாமே தோட்டாதான். இங்கே தோட்டா என்றால் கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (அதன் அடியில் பொறி கிளப்பும் சின்னக் கிண்ணம்), பவுடர், குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் பாரல் வழியாகப் பறக்கும் அந்த உலோகத் துண்டு மட்டும். அப்புறம், இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான கட்டுரை. சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய இங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சை ஜாக்கெட் என்று நம்புவது

ஜாக்கெட் குண்டு எப்படி உருவாகிறது? கில்டிங் மெட்டல் என்ற கலவை, பெரும்பாலும் 95 சதவீதம் செம்பும் 5 சதவீதம் துத்தநாகமும். அதைக் கிண்ணம் மாதிரி அடித்து நீட்டி, உள்ளே ஈயத்தை அழுத்தி, வாயை மூடுகிறார்கள். அது உண்மையிலேயே ஒரு சட்டை. பிளேட்டட் குண்டு வேறு. மெத்தென்ற ஈயக் குண்டை மின்பகுப்புத் தொட்டியில் போட்டு மேலே செம்பு படியவிடுகிறார்கள். சுத்தச் செம்பு, மெல்லியது. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: கவரிங்.

கவரிங்கில் தப்பில்லை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அடகுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால்தான் பிரச்சினை.

2012 கடைசியில் தொடங்கிய தட்டுப்பாடு 2013 முழுக்க நீடித்தது. பிரைமர் இல்லை, பவுடர் இல்லை, குண்டு இல்லை. நான் தேடியது 158 கிரெயின் (குண்டை எடை போடும் அளவு) ஜாக்கெட் சாஃப்ட் பாயின்ட், மூக்கில் மட்டும் ஈயம் தெரியும் வகை. கிடைத்தது அதே எடையில் பிளேட்டட், ஆயிரம். விலை வேறு குறைவு. எடை ஒன்று, நிறமும் ஒன்று, அப்புறம் என்ன என்று வாங்கினேன். புத்தகத்தில் 158 கிரெயின் ஜாக்கெட் குண்டுக்குப் போட்டிருந்த எச் 110 பவுடர் அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தப் பவுடர் நன்றாக எரிய பலமான கிரிம்ப், அதாவது கேஸ் வாயைக் குண்டின்மேல் மடக்கிப் பிடிக்கும் பிடி, வேண்டும் என்று படித்திருந்ததால், அதைச் செய்யும் அச்சான டையை இன்னும் அரைச் சுற்று இறக்கி, கேஸ் வாயை நன்றாக உள்ளே மடக்கினேன். ஒரே இரவில் இருநூறு தோட்டா. பெருமையாக இருந்தது.

ரேஞ்சில் ஐந்தாவது வெடி போனது. ஆறாவதுக்கு டிரிகர் நகரவில்லை. சிலிண்டர் கல் மாதிரி நின்றுவிட்டது. நான் பிடித்த கிரிம்ப், கோடில்லாத வழவழப்பான குண்டைப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் உதைக்க, ஆறாவது அறையில் இருந்த குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, சிலிண்டர் முகத்தைத் தாண்டி மூக்கை நீட்டிவிட்டது. கையில் உயிருள்ள தோட்டாவோடு திறக்க முடியாத துப்பாக்கி. ரேஞ்ச் அதிகாரி எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு வந்தார். கால் மணி நேரம் ஆனது. அவர் அதை எப்படி விடுவித்தார் என்று வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். உங்களுக்கு அப்படி ஆனால், குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இலக்குத் தாளைப் போய்ப் பார்த்தேன். 25 கஜத்தில் ஐந்து ஓட்டை. அதில் இரண்டு வட்டமே இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளம். குண்டு பக்கவாட்டில் திரும்பிப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, சுடாத தோட்டா ஒன்றைப் பிரித்துக் குண்டை வெளியே எடுத்தேன். கிரிம்ப் பிடித்த இடத்தில் சுற்றிலும் ஒரு வெட்டு, அதன் உள்ளே சாம்பல் நிற ஈயம் தெரிந்தது. பென்சில் சீவும்போது கழன்று வருகிற தோல் மாதிரி, நகத்தால் நெம்பினால் செம்பு உரிந்து வந்தது. ஓரம் காகித கனம்கூட இருக்காது. பாரலுக்குள் டார்ச் அடித்தால், குண்டைச் சுழற்ற உள்ளே வெட்டியிருக்கும் கோடுகளின் ஓரமெல்லாம் ஈயப் பட்டை. பித்தளைப் பிரஷில் செம்புக் கம்பிப் பஞ்சைச் சுற்றி இரண்டு மாலை தேய்த்தேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டப்பாவை அப்போதுதான் படித்தேன்: வினாடிக்கு 1,250 அடிக்கு மேல் வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. சாதாரணப் பூச்சுக் குண்டுகளுக்குச் சொல்லப்படும் எல்லை பெரும்பாலும் இதுதான். தடித்த பூச்சு என்றால் 1,500 வரை சொல்வார்கள். சரி, வேகத்தைக் குறைத்தால் போயிற்று என்று எச் 110 அளவைப் பத்து சதவீதம் குறைத்தேன். இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. பவுடர் விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம் எச் 110ஐயும் அதே போன்ற டபிள்யூ 296ஐயும் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் அந்தப் பவுடர் ஒழுங்காகப் பற்றாது. மூன்றாவது வெடி 'டமார்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்றது. நல்ல வேளை, நிறுத்தினேன். குண்டு பாரலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. எரியாத பவுடர் மணிகள் சிலிண்டரிலிருந்து உதிர்ந்தன. வேகமாகச் சுடும் பழக்கம் இருந்திருந்தால் அடுத்த குண்டு அதன்மேல் மோதிப் பாரலே வீங்கியிருக்கும்.

கணக்கு: குண்டில் மிச்சம் பிடித்தது நாற்பது டாலர். துப்பாக்கி மெக்கானிக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். வீணான இருநூறு பிரைமர், அதுவும் தட்டுப்பாட்டு வருடத்தில், தனி.

லீவர் ரைஃபிள் (லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரிவால்வரில் 1,200 அடியில் போகும் அதே .357 தோட்டா, 16 அங்குலப் பாரலில் பல நூறு அடி கூடுதலாகப் போகும். ரிவால்வரில் தப்பிய பூச்சு அங்கே தப்பாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தில் பிளேட்டட் என்ற சொல்லைத் தேடுங்கள். அதைச் சின்னதாகத்தான் போடுவார்கள். கையில் இருந்தால் ஈயம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். பழைய முறை ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டில் அடியில் தெரியும், சாஃப்ட் பாயின்ட்டில் மூக்கில் தெரியும். எங்குமே தெரியாவிட்டால் சந்தேகப்படுங்கள். சந்தேகம்தான், தீர்ப்பில்லை. ஸ்பியர் கம்பெனியின் கோல்ட் டாட் குண்டும் மின்பகுப்பில் செம்பு படிய வைத்துச் செய்வதுதான், ஆனால் கனமாகப் படிய வைக்கிறார்கள், மேக்னம் தோட்டாவின் உயர்ந்த வேகத்தையும் தாங்கும். செய்முறையைவிட கனம்தான் முக்கியம். எனக்கு இன்னும் பிடித்த வழி, ஒரு குண்டை வைஸில் பிடித்து ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை, பத்து சென்ட் நஷ்டம்.

கோடில்லாத குண்டு

குண்டின் இடுப்பில் ஓடும் அந்தப் பள்ளக் கோட்டுக்குக் கேனலூர் என்று பெயர். ரிவால்வரின் கேஸ் வாய் மடங்கி உட்கார ஒரு இடம் அது. ஆட்டோமேடிக் பிஸ்டலுக்குச் செய்யும் குண்டுகளில் பெரும்பாலும் இருக்காது, அவற்றுக்குத் தேவையும் இல்லை. .44 மேக்னத்துக்கு நல்ல ஜாக்கெட் குண்டே வாங்கினாலும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடு இருந்தாலும் கேஸ்கள் ஒரே நீளம் இல்லாவிட்டால் ஒன்று கோட்டில் மடங்கும், ஒன்று குண்டின் உடம்பில் மடங்கும். பிடிக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி: ஆறு தோட்டா போடுங்கள், ஆறாவதின் நீளத்தைக் கேலிப்பரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்துத் திரும்ப அளங்கள். நீளம் கூடியிருந்தால் உங்கள் கிரிம்ப் போதாது, அல்லது கேஸின் பிடி தளர்வு. இதைப் புது டப்பா குண்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். கேலிப்பர் என் சுடும் பையிலேயே கிடக்கிறது.

9 எம்எம் குண்டு மலிவுதான். விட்டம் 0.355 அங்குலம். .357 ரிவால்வருக்கு வேண்டியது 0.357.

குழாய் மேகசினில் கூர்மூக்குக் குண்டு

வேண்டாம். லீவர் ரைஃபிளின் குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும், முன் தோட்டாவின் பிரைமர்மேல் பின் தோட்டாவின் மூக்கு உட்காருகிறது, உதைப்பில் குத்தினால் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்கு மட்டும்.

எடை குறைந்தால் விலை குறையும் என்று

110, 125 கிரெயின் குண்டுகள் 158ஐவிட மலிவாகக் கிடைக்கும். ஸ்மித் அண்ட் வெஸனின் மாடல் 19 மாதிரி கே ஃபிரேம் (நடுத்தர அளவு உடல்) ரிவால்வர் வைத்திருந்தால் இந்த மலிவு வேண்டாம். பாரலின் பின்வாயில், கீழ்ப்பக்கம், இடம் போதாமல் கொஞ்சம் சீவியிருப்பார்கள். முழு வேக 125 கிரெயின் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டு அந்த இடத்தில் விரிசல் விட்ட துப்பாக்கிகளின் கதை இங்கே பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதே கம்பெனியின் டைட்டானியம் சிலிண்டர் கொண்ட குட்டி .357களில், 120 கிரெயினுக்குக் குறையக் கூடாது என்று பாரலிலேயே பொறித்திருக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான் பாக்கி.

தாளைச் சுட ஹாலோ பாயின்ட்

மூக்கில் குழி வைத்து, பட்டதும் விரியச் செய்த குண்டு அது. தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சாஃப்ட் பாயின்ட் போதும்.

.45 என்றால் எல்லாம் .45 என்று நினைப்பது

.45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவுக்குச் செய்த ஜாக்கெட் குண்டு வினாடிக்கு 850 அடியை மனதில் வைத்துச் செய்தது. .454 காசுல் என்ற ரிவால்வர் தோட்டா அதன் இரட்டிப்பை எட்டும். விட்டம் ஒத்துப்போவதால் உள்ளே போகும், அவ்வளவுதான். ஹார்னடி நிறுவனம் இதற்கென்றே கனமான ஜாக்கெட்டோடு எக்ஸ்டிபி மேக் என்று தனியாக ஒரு குண்டு செய்கிறது. சும்மாவா செய்கிறார்கள்?

ஒரே எடை, ஒரே பவுடர் அளவு

இரண்டு கம்பெனியின் 240 கிரெயின் குண்டை எடுத்து மேஜையில் நிறுத்தி வையுங்கள். கேனலூருக்குக் கீழே ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது கேஸுக்குள் அதிக ஆழம் போகும், பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். பாரலை உரசும் பரப்பும் மாறும். மலிவாகக் கிடைத்ததென்று கம்பெனியை மாற்றினால், புத்தகத்தின் தொடக்க அளவிலிருந்து திரும்ப ஏறி வாருங்கள். நான் ஒவ்வொரு டப்பாவின் மேலும் மார்க்கரில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பது இதனால்தான்.

கூரியர் செலவைக் கணக்கில் சேர்க்காதது

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஆயிரம் 240 கிரெயின் குண்டு என்றால் 34 பவுண்டு, பதினைந்தரை கிலோ. தபால் துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் 70 பவுண்டு வரை அனுப்பலாம் என்பதால் குண்டு விற்பவர்கள் பலர் அதில்தான் அனுப்புகிறார்கள். எடைக்குக் கட்டணம் போடும் கடையில் வாங்கினால், குண்டுக்கு மூன்று சென்ட் குறைவு என்று காட்டியது வாசலுக்கு வரும்போது இரண்டு சென்ட் அதிகமாகியிருக்கும். வாசல் விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆனால் முதல் முறையே ஆயிரம் வேண்டாம். நூறு வாங்கி, சுட்டு, அந்த ஆறாவது தோட்டாவை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கூடுதல் கூரியர் காசு போனால் போகட்டும்.

பிரித்தெடுத்த குண்டுகள்

பழைய தோட்டாக்களைப் பிரித்து எடுத்த ஜாக்கெட் குண்டுகளை மூட்டையாக விற்பார்கள். பிடித்து இழுத்த தழும்பு இருக்கும். இருபதை எடுத்து எடை போடுங்கள். ஒரே எடையில் வந்தால் வாங்கலாம், நானே வாங்குகிறேன்.

தம்பியின் ஆயிரம் குண்டுக்கு வருவோம். தூக்கிப் போட வேண்டாம் என்றேன். .38 ஸ்பெஷல் கேஸும் .357 மேக்னம் கேஸும் குண்டு விட்டத்தில் ஒன்றுதான், நீளம்தான் வேறு. .38 வேகம் அந்தப் பூச்சுக்கு ஒரு பொருட்டே இல்லை. குண்டு தயாரித்தவர் கொடுத்த அளவைப் பார்த்து, வேகமாக எரியும் பவுடரில், கேஸ் வாயை மடக்காமல் லேசாக ஒடுக்கிப் பிடிக்கும் டேப்பர் கிரிம்ப்போடு போட்டால் அழகாகப் போகும். அந்த .38 தோட்டாவை அவனுடைய .357 ரிவால்வரிலேயே சுடலாம். என் 2013 டப்பாவில் மிஞ்சிய எண்ணூறும் அப்படித்தான் தீர்ந்தன.

"அப்போ .38 கேஸ் வாங்கணுமா அண்ணா?" என்றான். என்னிடம் ஒரு காபி டப்பா நிறைய இருந்தது. கொடுத்தேன். கிரிம்ப் டையை மட்டும் .38 கேஸின் நீளத்துக்குத் திரும்பச் சரிசெய்து, லேசாகப் பிடிக்கும்படி வைக்கச் சொன்னேன்.