சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மருந்து கேட்காதபோது

ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம் கடந்தும் குழந்தையின் காய்ச்சல் தணியாமல், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அது வீறிட்டு அழுதால், கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லையோ என்று ஐயுற வேண்டும். மருந்தை வாந்தியெடுத்ததுகூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் வேறு சிரப்பைக் கொடுக்காமல் மருத்துவரிடமே திரும்பிச் செல்லுங்கள்.

அறிகுறிகளை மட்டும் வைத்து இதை எவராலும் உறுதிசெய்ய முடியாது. சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையே காட்டும். அதற்கான சிறுநீரை, முதல் வேளை மருந்துக்கு முன்பே, கழுவி வைத்த பழைய புட்டியில் அல்லாமல் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய புட்டியில் பிடிப்பது மிக முக்கியம். அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே ‘ஆர்’ (R) என்றிருந்தால் கிருமி அதை எதிர்க்கிறது என்று பொருள்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, எந்தக் குழந்தையும் பால் குடிக்காமல் துவண்டாலோ, காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.