டிவி ஸ்டிக்கில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? வாசலுக்கு நேராக ஒரு தடவை பாருங்கள்

கல்லிடைக்குறிச்சி அத்தை போன் பண்ணும்போது ராத்திரி எட்டேகால் இருக்கும். "மருமவனே, திரும்பவும் நின்னுட்டுடே. வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு."

அந்த வாரத்தில் அது நாலாவது போன். அதற்குள் மாமா இன்டர்நெட்காரர்களிடம் பேசி, 40 எம்.பி.பி.எஸ் வேகப் பிளானை 100 ஆக்கியிருந்தார். மாசக் காசு கூடியதுதான் மிச்சம், வட்டம் சுற்றுவது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறிப் போய், ஒரு பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். டிவியில் சொருகி நெட்டில் படம் பார்க்கும் ஸ்டிக்கோ பாக்ஸோ ஸ்மார்ட் டிவியோ, எதுவானாலும் வழி இதுதான். ஒரு செல்போனும் ஏறி நிற்க ஒரு ஸ்டூலும் இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு அரை மணி நேரமாவது படம் ஓடவிட்டுப் பாருங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பக் கெட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

1. எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

"நெட் கட் ஆகுது" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடுவோம். ஆனால் அது மூன்று விதம். படம் உறைந்து வட்டம் சுற்றுவது ஒன்று. "நெட்வொர்க் இணைப்பு இல்லை" என்று எழுத்தே வருவது இன்னொன்று. திரை கறுத்து, ஸ்டிக்கின் லோகோ முதலிலிருந்து வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வைஃபை கோளாறே இல்லை. ஸ்டிக் அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் கரண்ட் போதாத குறை.

அத்தையிடம் போனிலேயே சொல்லி வைத்திருந்தேன். நான் போய் இறங்கியதும் தினசரி காலண்டரில் கிழித்த தாளை நீட்டினாள். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது: "7.10 வட்டம். 7.40 கருப்பு. 8.15 வட்டம். 9 மணி கருப்பு." பாதி வேலை அந்தத் தாளிலேயே முடிந்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு கோளாறு.

2. செல்போனை டிவி பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

படம் நிற்கும் அதே நிமிஷத்தில் செல்போனை டிவியை ஒட்டி வைத்து, ஏதாவது வீடியோ ஓட்டுங்கள். மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிடுங்கள், வைஃபை மட்டும் இருக்கட்டும். இதை மறந்துவிட்டு, "போன்ல நல்லா ஓடுதே" என்று ஏமாந்தவர்கள் நிறைய. நானும் ஏமாந்திருக்கிறேன்.

போனில் ஓடினால், கோளாறு ஸ்டிக் பக்கம். நேரே மூன்றாம் படிக்குப் போங்கள்.

போனிலும் ஓடவில்லையா? அதே போனோடு ரூட்டர் (வைஃபை தரும் பெட்டி) பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே ஓடினால் அலை டிவி வரைக்கும் வந்து சேரவில்லை என்று அர்த்தம், நாலாம் படி உங்களுக்கு. ரூட்டர் பக்கத்திலேயே ஓடாவிட்டால் வெளியிலிருந்து வரும் லைனைப் பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. வீட்டுக்குள் நீங்கள் எதை நோண்டியும் பயனில்லை, கம்ப்ளெயின்ட் கொடுக்க வேண்டியதுதான். நம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே மேற்குக் காற்று, போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்கும் கேபிளையும் ஊஞ்சல் ஆட்டிவிடும். காற்று வீசும்போது மட்டும் கட் ஆகிறது என்று தெரிந்தால் லைன் பார்க்க வருபவரிடம் அதையே சொல்லுங்கள். எங்கே ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது என்று அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

3. கரண்ட் எங்கிருந்து வருகிறது?

அத்தை எழுதிய "கருப்பு" இந்தப் படியில்தான் பிடிபட்டது. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கின் வயர் டிவியின் யு.எஸ்.பி ஓட்டையிலேயே சொருகியிருந்தது. பார்க்க வசதிதான், தனி பிளக் வேண்டாம். ஆனால் சாதாரண யு.எஸ்.பி 2.0 போர்ட் கொடுப்பது 0.5 ஆம்பியர். ஸ்டிக்கோடு வரும் அடாப்டரில் பெரும்பாலும் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கும். சும்மா இருக்கும்போது பாதிக் கரண்டில் சமாளிக்கும். வைஃபையும் படமும் சேர்ந்து முழு மூச்சில் ஓடும்போது மயங்கி விழும்.

சரி, அசல் அடாப்டர் எங்கே? மாமாவின் செல்போன் அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அடாப்டரை மீட்டு, சுவர் பிளக்கில் மாட்டினோம். வயரும் பெட்டியோடு வந்ததாகவே இருக்கட்டும். பழைய, மெல்லிய, மூணு மீட்டர் நீள வயரில் கரண்ட் போய்ச் சேருவதற்குள் இளைத்துவிடும். அன்றோடு "கருப்பு" வரவில்லை. வட்டம் மட்டும் மிச்சம்.

4. அலைக்கு வழி விடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிட்டது.

முதலில் ஸ்டிக் இருக்கும் இடம். அதன் ஆன்டெனா அந்தச் சின்னப் பிளாஸ்டிக் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை டிவிக்குப் பின்னால் சொருகினால் ஒரு பக்கம் டிவியின் தகடு, மறுபக்கம் சுவர், நடுவில் சூடு. பல ஸ்டிக்குகளோடு விரல் நீளத்துக்கு ஒரு ஹெச்.டி.எம்.ஐ நீட்டிப்பு வயர் தருவார்கள். எதற்கென்று தெரியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுவோம். அத்தை வீட்டிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் கிடந்தது. அதை மாட்டினால் ஸ்டிக் டிவி ஓரத்துக்கு வெளியே தொங்கும். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பக்கத்து யு.எஸ்.பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சல் கிளப்பும்.

பலன் உண்டா என்று அளந்தே பார்க்கலாம். வைஃபை அனலைசர் என்று தேடினால் செல்போனுக்கு இலவச ஆப்கள் கிடைக்கும். சிக்னலை டி.பி.எம் கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 அருமை. 67 வரைக்கும் படம் தடங்கல் இல்லாமல் ஓடும். 75-ஐத் தாண்டினால் தகராறுதான். எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம் என்று நினைவிருக்கட்டும். அத்தை வீட்டு டிவிக்குப் பின்னால் போனை நுழைத்துப் பிடித்தேன்: மைனஸ் 79. ஓரத்தில் ஒரு சாண் வெளியே: மைனஸ் 71.

அடுத்து ரூட்டர். அது தார்சாவில் (முன்கட்டில்) பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாகக் கிடந்தது. வயர் வீட்டுக்குள் வருவது அந்த மூலையில் என்பதால் மாட்ட வந்தவர் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். டிவி இருப்பது பட்டாசலில், அதாவது நடுக்கூடத்தில். இடையில் இரும்பு பீரோ, ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுவரை ஒட்டிய அலமாரியில் அத்தை சீராகக் கொண்டுவந்த அண்டாவும் தவலையும். இரும்பையும் பித்தளையையும் வைஃபை அலை துளைக்காது. காரை பூசிய தடிச் சுவர் அதன் உயிரை வாங்கிவிடும். நிலைக்கண்ணாடியும் அப்படித்தான், அதன் பின்பூச்சு உலோகம்.

ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. தெரு நடையில் நின்று பார்த்தால் தார்சா, பட்டாசல், அடுக்களை எல்லாம் தாண்டி, புறவாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். காற்றுக்காக வைத்த அந்த வாசல் வரிசைதான் வைஃபைக்கும் வழி. ரூட்டரை ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே மாட்டினால் வெளிச்சம் வாசல்கள் வழியாக டிவி வரைக்கும் விழுமோ, அங்கே மாட்டுங்கள். தரையில் வேண்டாம், ஆள் உயரத்தில் இருக்கட்டும்.

"வாசலுக்கு நேரா இத மாட்டுனா பாக்க நல்லாவாடே இருக்கும்?" என்றாள் அத்தை. நிலையை ஒட்டி ஒரு முழம் தள்ளி ஆணி அடித்துச் சமாதானம் செய்தோம். நல்லவேளையாகப் பீரோவுக்குப் பின்னால் வயர் சுருட்டி மிச்சம் வைத்திருந்தார்கள். நீங்கள் நகர்த்தும்போது ஒரு கவனம். ஃபைபர் வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. மடிக்கவோ இழுக்கவோ கூடாது. சுற்றி வைத்தாலும் டம்ளர் வாய் அகலத்துக்குக் குறையாமல் சுற்றுங்கள். நுனியைக் கழற்றிக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வயர் எட்டாவிட்டால் லைன் ஆளையே கூப்பிடுங்கள்.

மாட்டிவிட்டு டிவி ஓரத்தில் அளந்தேன். மைனஸ் 57.

5. 2.4-ஆ, 5-ஆ?

இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவர் தாண்டும். 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ஸ்டிக் அதற்கும் இதற்குமாகத் தாவி, தாவும்போதெல்லாம் படம் நிற்கலாம். ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 192.168.1.1 மாதிரி ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். அதை போன் பிரவுசரில் போட்டு உள்ளே போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் 5. நடுவில் சுவர் இருந்தால் 2.4.

2.4-ல் இன்னொரு சங்கதி. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டு ரூட்டர் உங்கள் டிவிக்கு உங்கள் ரூட்டரைவிடக் கிட்டத்தில் இருக்கும். அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்தான் சேனல்கள். எல்லோரும் ஒரே சேனலில் பேசினால் சந்தைக்கடை இரைச்சல்தான். அத்தை வீட்டில் ஆப் காட்டிய ஒன்பது ரூட்டரில் ஆறு, சேனல் 6-ல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இவற்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். நாங்கள் 11-க்கு மாறினோம். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 36 முதல் 48-க்குள் வையுங்கள். 52-லிருந்து 144 வரை உள்ளவை ரேடாரோடு பங்கு போடும் சேனல்கள். ரேடார் அலை தட்டுப்பட்டால் ரூட்டர் அந்த இடத்தைக் காலி செய்துவிடும், அப்போதும் படம் நிற்கும்.

6. சில்லறை வேலைகள்

ஸ்டிக்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபயர் டிவியில் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினால் போதும். கூகுள் டிவியில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் ரீஸ்டார்ட். வைஃபை பெயரை ஒருமுறை ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். அப்டேட் காத்திருந்தால் போட்டுவிடுங்கள். பழைய ஸ்டிக் என்றால் ரூட்டரில் பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ 3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டபிள்யூ.பி.ஏ 2-க்கு மாற்றுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் ரூட்டரும் அணைந்து எழுகிறதா? அதற்கு ஒரு மினி யு.பி.எஸ் விற்கிறது. ரூட்டர் அடாப்டரில் எழுதிய வோல்ட்டும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம். எல்லா ஆப்பின் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

7. இன்னும் நிற்கிறதென்றால்

ரூட்டரிலிருந்து டிவி வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ஸ்டிக்கில் அதற்கு ஓட்டை இருக்காது, லேன் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். கேபிளுக்குச் சுவரும் பீரோவும் ஒரு பொருட்டில்லை. சிக்னலைப் பிடித்து மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதை டிவி பக்கத்தில் சொருகுவார்கள். அங்கேதான் சிக்னலே இல்லையே, அது எதைப் பிடித்து அனுப்பும்? ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

பிளானை உயர்த்துவதை நான் எந்தப் படியிலும் சொல்லவில்லை. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படியே 1080 தரத்துக்கு 5 எம்.பி.பி.எஸ் போதும், 4கே படத்துக்கு 15. மாமாவிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் போனை எடுத்து, 100-ஐ மறுபடி 40 ஆக்க முடியுமா என்று கேட்டார். இந்த மாசப் பில் முடியட்டும் என்றார்களாம்.