60 கிலோ ஆட்டத்துக்கு எடை குறைக்கிற பசங்களுக்கு

நோம்பி, அதாங்க கோயில் திருவிழா, சாட்டியாச்சுன்னா எங்க சோமனூர்ப் பக்கம் கபடி இல்லாம இருக்காதுங்க. முக்கால்வாசி எடை கட்டின ஆட்டம்தான்: 60 கிலோ, 65 கிலோன்னு. ஒல்லிப் பையனைத் தடிமாடு மாதிரி ஆளு முன்னால நிறுத்தக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு அது. 62 கிலோ பையனை ரெண்டு நாள் பட்டினி போட்டு, ஸ்வெட்டர் மாட்டி வெயில்ல ஓட விட்டு, 60-ன்னு தராசுல ஏத்தறோம் பாருங்க, அது அந்த ஏற்பாட்டையே ஏமாத்தற வேலை. நானும் செஞ்சவன்தான். அப்படி ஏத்தின என்ற ரைடர் (எதிர்க் களத்துக்குப் பாடிப் போறவன்) ஒருத்தன் மூணாவது ரைடுலயே ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கிட்டு மண்ணுல உருண்டான். எதிர் டீம் பசங்கதான் தூக்கிட்டு வந்தாங்க.

அப்பறம்தான் கணக்குப் படிச்சேன். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ தண்ணி போனா நூத்துக்கு ரெண்டு பங்கு. அதுக்கே ஓடற தெம்பு இறங்க ஆரம்பிச்சுரும், புத்தியும் மந்தமாகும். சோத்தை நிறுத்தினா எடை சட்டுனு இறங்கறதும் கொழுப்பு கரைஞ்சு இல்லீங்க. தசையில இருக்கற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடயும் சுமார் 3 கிராம் தண்ணி சேந்து போகுது. 30 விநாடி ரைடுல அடிச்சுப் பிடிச்சு வர்றதுக்கு அந்த மாவுச்சத்துதான் டீசல்.

அதனால 62-ல இருக்கறவன் நாலு வாரத்துக்கு முன்னாலயே ஆரம்பிக்கோணும், வாரத்துக்கு அரைக் கிலோ. அரிசியும் பருப்புஞ் சோத்தை நிறுத்தாதீங்க, நெய்யைக் குறைங்க. முட்டை, கொள்ளு சேத்துக்குங்க. நிறுத்த வேண்டியது பேக்கரி. தறிக்குப் போற பையன் ஒரு ஷிப்ட்டுல அஞ்சு டீ, ரெண்டு பப்ஸ் உள்ள தள்ளறான், கேட்டா “நான் சாப்பிடறதே இல்லீங்ண்ணா”ங்கறான். வளர்ற வயசுப் பசங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். இருக்கற எடையில ஆடட்டும்.

தூக்கம் அதை விட முக்கியம். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வந்தவன் எதிராளி கை நீட்டறதைப் பாத்து, கால் எடுக்கறதுக்குள்ள பிடிபட்டுருவான். ஆட்டத்துக்கு முந்தின மூணு ராத்திரி பகல் ஷிப்ட்டுக்கு மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட நானே போயிக் கேப்பேன்.

தண்ணி இறக்கற மாத்திரையைத் தொடவே தொடாதீங்க. உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியல்ல இருக்கற சரக்கு அது. பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகும். 1997-ல அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப் போயி ஒரு மாசச் சொச்சத்துல செத்தாங்க.

எடை போடற அன்னைக்கு நம்ம ஆளுக்கு முன்னால தராசைப் பாருங்க. மண்ணு மேல, ஜமுக்காளத்து மேல வெச்சா தப்பாக் காட்டும். சிமெண்டுத் தரையில வெக்கச் சொல்லுங்க. பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை ஏத்திப் பாத்தா குட்டு தெரிஞ்சுரும். ரெண்டு டீமுக்கும் ஒரே தராசு. எடை போட்டதும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, கொஞ்சங் கொஞ்சமாக் குடிக்கக் குடுங்க.

பயத்துக்கு என்ற வைத்தியம் சின்னதுதான். “ஜெயிச்சே ஆகோணும்”னு எவனையும் உள்ள அனுப்பறதில்ல. கோட்டைத் தொட்டுட்டு மூச்சை நெதானமா வெளிய விடு, இடது கார்னர்காரன் காலை மட்டும் பாரு, எதிர்ல ஆறு பேர் நின்னா, தாண்டினா கூட ஒரு பாயிண்ட் கிடைக்கற போனஸ் கோட்டுக்குப் போ. ஒரு ரைடுக்கு ஒரு வேலை. பந்தல்ல மைக் கத்தறது அப்ப காதுல விழாதுங்க.

இத்தனை செஞ்சும் 60.3 காட்டினா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல நம்ம மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடிப் போயி இறுதிப் போட்டியை இழந்துச்சு. நம்ம நோம்பி ஆட்டம் எம்மாத்திரம். எச்சிலைத் துப்ப வெச்சு மறுபடி மறுபடி ஏத்தற வேலையை நான் விட்டுட்டேன். பையனைப் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போயி பப்ஸ் வாங்கிக் குடுத்து, அடுத்த நோம்பியில 65-க்குப் பேர் குடுத்துருவேன்.