வலைக்கு ஈயம் வார்க்கும் வீட்டில் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் காப்பது எப்படி

இராமநாதபுரம் கரையோரத்தில் உலோக நச்சு என்றதும் பலருக்குக் கடலும் மீனும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பாம்பனிலோ தொண்டியிலோ வலைக்கான ஈயக்குண்டுகளை வீட்டு முற்றத்தில் வார்ப்பவராக இருந்தால், உங்கள் கவனம் முதலில் அந்த அடுப்பின் மேல் இருக்க வேண்டும்.

உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குச் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலக்கிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்து, சிறுநீரகத்தின் நுண்குழல்களையும் பழுதாக்குவதால் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மறுபடியும் சிறுநீரகத்தையே தாக்குகிறது. காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமோ சிறுநீரகத்திலேயே குடியேறுகிறது. சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இரத்தக்கொதிப்பு உள்ள எல்லோருக்கும் உலோகமே காரணம் என்பது மிகை; உப்பையும் சர்க்கரை நோயையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிற ஆடையாகப் படியும் கசடை ஒதுக்கித் தட்டும்போது, அது மாவாக உதிர்ந்து கையிலும் கைலியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வார்ப்பதை வீட்டைவிட்டு விலகி, காற்றோட்டமான வெளியில், பிள்ளைகள் இல்லாத வேளையில் செய்யுங்கள். விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடவோ பீடியைத் தொடவோ வேண்டும். (புகையிலையே காட்மியத்தின் முக்கிய வழி என்பதால் பீடியை விட்டுவிடுவது இன்னும் நல்லது.) குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தி, குறடைப் பயன்படுத்துங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரில் ஐயமிருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமையும் காட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

மீனை ஒதுக்க வேண்டியதில்லை. நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் கூழையும் கணவாயின் குடலையும் நீக்கிவிட்டால் காட்மியத்தின் பெரும்பங்கு போய்விடும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் முருங்கைக்கீரையும், முள்ளோடு மெல்லக்கூடிய சூடையும் நெத்திலியும் நல்லவை. நெத்திலிக் கருவாடாக இருந்தால் அதன் உப்பையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சிறுநீரகம் வெகுநாள் வலி காட்டாது. எனவே மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லி, இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரத்தத்தில் ஈய அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் எடுத்த அழுத்தம் வெவ்வேறு நாள்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவம் தேவை. கடலிலிருந்து திரும்பிய உடல்வலிக்குத் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளையும், உலோகத்தை வெளியேற்றும் என்று விற்கப்படும் மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.