சமத்துவக் குழு போட்டாச்சு, அப்புறம்?

பல்கலைக்கழகத் துறையில் சமத்துவம், பன்முகத்தன்மை என்று பேச்சு எழுந்ததும் முதலில் ஒரு குழு போடுவார்கள். அதில் தவறில்லை. யாரைப் போடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. துறையில் இருக்கும் இரண்டு பெண் ஆசிரியர்கள், ஒரு மாற்றுத்திறனாளி, சிறுபான்மைச் சமூகத்தவர் ஒருவர். முடிந்தது, குழு தயார்! பாதிக்கப்படுகிறவர்கள் தலையிலேயே அதைச் சரிசெய்யும் வேலையும் விழுகிறது. அவர்கள் அறிக்கை எழுதும் நேரத்தில் மற்றவர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார்கள். பதவி உயர்வின்போது எண்ணப்படுவது கட்டுரைதான். இந்த வேலையைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்து, அந்த அளவுக்கு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். துறைத்தலைவரும் குழுவில் உட்காரட்டும்.

'நாங்கள் திறமையை மட்டும்தான் பார்ப்போம்' என்று நம்பிக்கொண்டு ஆளெடுப்பது அடுத்த தவறு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது; சிலருக்கு ஆண் பெயரில், சிலருக்குப் பெண் பெயரில். ஆண் பெயருக்கே கூடுதல் மதிப்பீடு, கூடுதல் சம்பளம். பெண் பேராசிரியர்களும் விதிவிலக்கல்ல. ஒருநாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்தால் இது போய்விடாது. விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிவையுங்கள். 'நம்ம துறைக்கு ஒத்துவருவாரா' என்று யாராவது இழுத்தால், எந்த விஷயத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறோம். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) அது வெறும் படம், ஓர் எழுத்தையும் வாசிக்காது. ஓசிஆர் செய்து, அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினி வாசிக்கும் எழுத்தாக மாற்றி அனுப்பச் சில நிமிடங்கள் போதும். அப்புறம், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்தில் துறைக்கூட்டம் வைப்பது, கூட்டக் குறிப்பெழுத எப்போதும் ஒரே ஆளைப் பார்ப்பது. இதெல்லாம் ஒரு மின்னஞ்சலில் தீர்கிற விஷயம்.

துறையில் நிலைமை எப்படி என்று அறியப் பெயர் கேட்காத கருத்துக்கணிப்பு நடத்துகிறோம் என்பார்கள். ஆனால் பாலினம், பதவி, உடல்குறைபாடு மூன்றையும் கேட்டால் சிறிய துறையில் ஆளே தெரிந்துவிடும். சரி, பிறகு யார் உண்மையை எழுதுவார்கள்? சிறு எண்ணிக்கைகளைச் சேர்த்தே வெளியிடுங்கள், தனித்தனியாகக் காட்டாதீர்கள்.

புகார் விஷயம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஆய்வு மாணவர் தன் நெறியாளர் மீது குறை சொல்ல, அந்த நெறியாளரின் துறைத்தலைவரிடம்தான் போகவேண்டும் என்றால் போகமாட்டார். அவருடைய ஆய்வேடும் பரிந்துரைக் கடிதமும் அவர்கள் கையில் இருக்கின்றன. துறைக்கு வெளியே ஒருவரை நியமித்து, நெறியாளரை மாற்றிக்கொள்ளும் வழியையும் சேர்க்கை நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.