துடுப்பாட்ட அறிவுரையை எடைபோட்டு ஏற்பது எப்படி?

மாசி பிறந்து வடக்கின் பெருஞ்சமர் நெருங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்ட அறிவுரைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய அந்தப் போட்டியைச் சிறுவயதிலிருந்தே பார்த்துவரும் பழைய மாணவர் ஒருவர் வலைப்பயிற்சியின் ஓரத்தில் நின்று “முன்முழங்கையை உயர்த்து” என்பார். பயிற்றுநர் “துடுப்பை நேராகப் பின்னே தூக்கு” என்பார். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா “தலையை அசைக்காதே” என்பார். இரவில் கைப்பேசியைத் திறந்தால், இவை மூன்றும் பழைய முறைகள் என்று யூரியூப்பில் ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பார். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பதினைந்து வயது மாணவன் ஒருவன் இவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது என்பதைச் சொன்னவரின் வயதையும் புகழையும் வைத்தே முடிவு செய்ய நேர்கிறது. அறிவுரையை மதிப்பிட அவை போதா. அதைப் பின்பற்றியபின் பந்து என்ன ஆகிறது என்பதே தகுந்த அளவுகோல்.

எனவே அறிவுரை காதில் விழுந்தவுடன் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கப் பழகவேண்டும்: “சேர், இப்பிடிச் செய்தால் எந்தப் பந்துக்கு உதவும்?” நல்ல பயிற்றுநர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். ஓஃப் ஸ்ரம்புக்கு (கால்களிலிருந்து விலகிய பக்கத்துக் குச்சிக்கு) வெளியே முழு நீளத்தில், அதாவது துடுப்பாட்டக்காரருக்கு அருகே குத்தி, வரும் பந்து துடுப்பின் விளிம்பில் பட்டு, விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் களத்தடுப்பாளரிடம் போகிறது, துடுப்பின் முகம் திறந்துவிடுவதே அதற்குக் காரணம், இந்த மாற்றம் அதைத் தடுக்கும் என்று அவர் விளக்கினால், அதில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று இருக்கிறது. “அப்பிடித்தான் ஆடவேணும்” என்பது மட்டுமே பதிலானால், அந்த அறிவுரையைத் தற்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். முன்முழங்கை பற்றிய அறிவுரை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நேராக அடித்து முடித்த வீரரின் புகைப்படத்தில் முழங்கை உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த உயர்வு நல்ல அடிக்குக் காரணமா, நல்ல அடியின் விளைவா என்பதைப் புகைப்படம் சொல்லாது.

உணர்வும் நிகழ்வும்

சிறந்த வீரர் ஒருவர் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வது, தன் உடலில் அவர் உணர்வதைத்தான். உடல் உண்மையில் செய்வது வேறாக இருக்கலாம். “பந்து துடுப்பில் படும்வரை அதைப் பார்” என்ற அறிவுரையை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் மைக்கல் லாண்ட், பீற்றர் மக்லியொட் ஆகிய ஆய்வாளர்கள் துடுப்பாட்டக்காரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, அவர்கள் பந்தைத் தொடர்ச்சியாகப் பின்தொடரவில்லை என்பது தெரிந்தது. பந்துவீசும் இயந்திரத்திலிருந்து பந்து வெளிவரும் கணத்தை அவர்கள் பார்த்தார்கள். பின்னர் கண் பந்தை முந்திக்கொண்டு, அது குத்தி எழும் என எதிர்பார்த்த இடத்துக்குத் தாவி அங்கே காத்திருந்தது. குத்தியபின் சிறிது நேரம் மட்டுமே மீண்டும் பந்தைத் தொடர்ந்தது. திறமை கூடியவரின் கண் இன்னும் முன்னதாகவே தாவியது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகப் பந்து துடுப்பை அடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும் என்பதால் இது வியப்புக்குரியதல்ல.

தலையை அசைக்காதே என்பதும் இத்தகையதே. 2013இல் அவுஸ்திரேலியாவில் உலகத் தரமான துடுப்பாட்டக்காரர்களை வைத்து வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களின் தலை பந்தின் திசையோடு ஒட்டித் திரும்பிக்கொண்டே இருந்தது. ஆகவே கழுத்தை இறுக்கிப் பிடித்துத் தலையைச் சிலைபோல் வைத்திருக்கும் சிறுவன், அறிவுரையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அதன் பயனை இழக்கிறான். தலை ஓஃப் பக்கமாகச் சரிந்து சமநிலை குலையக்கூடாது என்பதே அதில் கொள்ளத்தக்க கருத்து.

இதனால் அந்த அறிவுரைகள் வீண் என்று ஆகிவிடாது. “பந்தைப் பார்” என்ற சொல் ஒரு சிறுவனின் கவனத்தைப் பந்துவீச்சாளரின் கையில் நிறுத்தினால், அது அவனுக்கு நன்மையே செய்கிறது. உடல் இயங்கும் விதத்தை அது சரியாக விவரிக்கிறதா என்பது ஒரு கேள்வி, ஆடுபவருக்கு உதவுகிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

பெரிய வீரர்களைக் காட்டிச் சொல்லப்படும் அறிவுரையில் கூடுதல் அவதானம் தேவை. துடுப்பை நேராகப் பின்னே தூக்கவேண்டும் என்பது நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பாடம். ஆனால் டெஸ்ட் சராசரி 99.94 கொண்ட டொன் பிரட்மனின் துடுப்பு ஸ்லிப் திசையை நோக்கியே மேலெழுந்தது. அவர் சிறுவயதில் ஒரு ஸ்ரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் பட்டுத் திரும்பும் கோல்ஃப் பந்தை அடித்துப் பழகியவர். பாடம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இது சான்று, ஆயினும் எல்லோரும் பிரட்மனைப்போலத் தூக்கவேண்டும் என்பதற்குச் சான்றல்ல. லசித் மாலிங்கவின் வீச்சைப் பார்த்து அதேபோலக் கையைத் தாழ்த்தி வீசிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் முன்னேறாதவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, மாலிங்க மட்டுமே தெரிகிறார்.

கமராவை நம்பும் முன்

வெறுங்கண்ணை முழுதாக நம்பமுடியாது என்பதை முரளிதரனின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. அவர் விதிக்குப் புறம்பாக முழங்கையை நீட்டி எறிகிறார் என்று நடுவர்கள் கண்ணால் பார்த்தே தீர்ப்பளித்தார்கள். 2004இல் சர்வதேச கிரிக்கெட் சபை பல பந்துவீச்சாளர்களைக் கருவிகளால் அளந்து பார்க்கச் செய்தபோது, குறையே சொல்லப்படாத பெரும்பாலானோரின் முழங்கையும் ஓரளவு நீள்வது வெளிப்பட்டது. மறு ஆண்டு, முழங்கை 15 பாகைவரை நீளலாம் என்ற எல்லை எல்லாருக்கும் பொதுவாக வந்தது.

இன்று ஒரு சாதாரண கைப்பேசியே நமக்குப் போதும், ஆனால் அதை முறையாக வைக்கவேண்டும். துடுப்பின் நுனி மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் சுழன்றால், விநாடிக்கு 30 படம் எடுக்கும் வழமையான வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது 80 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்து படும் கணம் அந்த இடைவெளிக்குள் மறைந்துபோகும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு முறையில் அந்த இடைவெளி பத்துச் சென்ரிமீற்றராகக் குறையும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டுமாதலால், மாலை வெயில் மங்குவதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது. நேர்த்திசையிலிருந்து எடுக்கும்போது, இரு முனைகளின் நடு ஸ்ரம்புகளும் திரையில் ஒன்றை ஒன்று மறைக்கும் இடத்தில் கைப்பேசியை இடுப்பு உயரத்தில் அசையாமல் நிறுத்தவேண்டும். ஓரடி விலகினாலும் நேராக வரும் துடுப்பு குறுக்கே வருவதுபோலத் தோன்றும், இல்லாத குறையைத் திருத்தப்போய் இருக்கும் ஆட்டமும் கெடும். இணையத்தில் பிறர் எடுத்த காட்சிகளை வைத்துச் சொல்லப்படும் முடிவுகளிலும் கமரா எங்கே நின்றது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

எந்த ஆடுகளத்துக்குரிய அறிவுரை

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத விடயம் இது. இங்கிலாந்தின் புற்றரைக்கென்று சொல்லப்பட்ட அறிவுரை, கொங்கிறீற்றின் மேல் மற்றிங் எனும் பாயை விரித்த ஆடுகளத்தில் அப்படியே செல்லாது. மற்றிங்கில் பந்து உயரமாகவும் சீராகவும் எழும், சுழலும் நன்றாகப் பிடிக்கும். எல்லா நீளத்துக்கும் முன்காலை நீட்டிச் செல் என்ற பாடத்தைப் பின்பற்றும் மாணவன் இடுப்புக்கு மேலெழும் பந்தை அந்தரத்தில் சந்திப்பான், பின்காலில் நின்று ஆடத் தெரிந்தவன் அதே பந்தில் ஓட்டம் எடுப்பான். விரிப்பை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எழுச்சி மாறும். ரெனிஸ் பந்தில் ஆடும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் பயன்தரும் துடுப்பின் குறுக்கு வீச்சும், கடினப்பந்தில் அதே பலனைத் தராது. அறிவுரை சொன்னவர் எந்தப் பந்தையும் எந்தத் தரையையும் மனதில் வைத்துச் சொன்னார் என்பதை அறிந்தபின்தான் அதைச் சோதிக்கவே தொடங்கவேண்டும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யவேண்டும். இரண்டு ஆட்டங்களில் ஓட்டமின்றி ஆட்டமிழந்தவன் எந்த அறிவுரையைக் கேட்டாலும் அடுத்த ஆட்டத்தில் பெரும்பாலும் சற்று மேம்படுவான். அவனுடைய வழமையான நிலைக்கு அவன் திரும்புவதே அது, பாராட்டு மட்டும் அறிவுரைக்குப் போய்விடுகிறது. அதேபோல, ஒரே நீளத்தில் நாற்பது பந்தை எறிந்து அன்றே கிடைக்கும் தேர்ச்சியை நம்பக்கூடாது. நீளத்தையும் திசையையும் முன்னறிவிப்பின்றி மாற்றி எறியச் சொல்லி, துடுப்பின் நடுவில் பட்டவற்றை நண்பர் ஒருவரைக் கொண்டு குறித்துவைத்து, ஒரு கிழமை கழித்து யாரும் நினைவூட்டாமல் மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டும். அப்போதும் நிலைத்திருப்பதே உண்மையான முன்னேற்றம்.

ஏற்ற அறிவுரையை எந்தச் சொற்களில் மனதில் வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். கோல்ஃபில் புதிதாகப் பழகியவர்களைக் கொண்டு 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கைகளின் அசைவை நினைத்து அடித்தவர்களைவிட மட்டையின் வீச்சை நினைத்து அடித்தவர்கள் இலக்கை நெருங்கினார்கள். கிரிக்கெட்டிலும் “மணிக்கட்டை இறுக்கு” என்பதைவிட “துடுப்பின் முழு முகத்தையும் பந்துவீச்சாளருக்குக் காட்டு” என்பதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு எளிதாகப் பிடிபடும் என்பது என் கருத்து.

வேகப்பந்துவீச்சு பற்றிய அறிவுரையை மட்டும் இவ்வாறு செய்துபார்த்துச் சோதிக்கக்கூடாது. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் நிற்கும் கலப்பு வீச்சு, வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பில் அழுத்தமுறிவை உண்டாக்கக்கூடும் எனப் பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. வேகத்துக்காகத் தோளை இன்னும் திருப்பு என்று யார் சொன்னாலும், அதைச் செய்யுமுன் இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்பதைத் தகுதிபெற்ற பயிற்றுநர் ஒருவர் வீடியோவில் பார்த்து உறுதிசெய்யவேண்டும். கீழ்முதுகின் ஒரு பக்கத்தில் வலி இருப்பதாகப் பிள்ளை சொன்னால், பெரும்போட்டி அடுத்த கிழமையாக இருந்தாலும் அன்றே வீச்சை நிறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.